கோச்சும் ஸாரும்

இந்த ஊருக்கு வந்த புதிதில் ஒரு சனிக்கிழமை காலை பால் வாங்கக் கடைக்குப் போனேன். கடையில் இருந்த அத்தனை பேரும் சிவப்புச் சட்டை. கைக்குழந்தைக்குக்கூட சிவப்புக் குல்லா. கல்லாவில் இருந்த பாட்டி என் நீலச் சட்டையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இன்றைக்குப் போய் இந்த நிறத்திலா வெளியே வந்தாய் என்று கேட்டார். விளையாட்டாகத்தான் கேட்டார். ஆனாலும் எனக்கு, ஹர்த்தால் என்று தெரியாமல் கரமனைப் பாலத்தில் ஸ்கூட்டரை விட்டுவிட்ட மாதிரி ஒரு நடுக்கம்.

ஊர் கொலம்பஸ், ஓஹையோ. வருடம் 2001. நீலம் மிச்சிகன்காரனின் நிறம், அன்றைக்கு மேட்ச், இங்கே சிவப்புதான் உடுத்த வேண்டும் என்பதெல்லாம் பிறகுதான் புரிந்தது. ஃபுட்பால் என்று சொல்கிறார்களே தவிர காலால் பந்தைத் தொடுவது அபூர்வம். முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறார்கள், எதிராளி மேலே விழுந்து அமுக்குகிறான், எல்லாரும் எழுந்து நின்று யோசிக்கிறார்கள், மறுபடி விழுகிறார்கள். முதல் சீசன் முழுக்க நான் ஙே என்று விழித்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் ஒரு விஷயம் முதல் வாரமே புரிந்துவிட்டது. இந்த ஆட்டத்தில் ஆடுகிற பையன்களைவிட, கோட்டுக்கு வெளியே காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு நிற்கிறாரே, அந்த ஹெட் கோச்தான் பெரிய ஆள். பையன்கள் மூன்று நான்கு வருடத்தில் போய்விடுவார்கள். கோச் நிற்பார், அல்லது துரத்தப்படுவார். ஆபீஸில், சலூனில், பல் டாக்டரிடம், எங்கே போனாலும் கோச் பேச்சுதான். அதுவும் பெயருக்கு முன்னால் 'கோச்' கட்டாயம். வேலையை விட்டு இருபது வருடம் ஆனாலும் கோச் ப்ரூஸ், கோச் கூப்பர். நம்ம ஊரில் ரிட்டயரான ஜட்ஜுக்குக்கூட இந்த மரியாதை கிடையாது.

இதையெல்லாம் நான் யாரிடம் சொல்வேன்? சித்தப்பாவிடம்தான்.

சனிக்கிழமை ராத்திரி இங்கே எட்டரை, ஒன்பது மணிக்கு ஃபோன் போட்டால் கரமனையில் ஞாயிறு காலை. சித்தப்பா காபி குடித்துவிட்டுத் திண்ணையில் பேப்பரோடு இருப்பார். இருபது வருடத்துக்கு மேலாக இதுதான் வழக்கம். மேட்ச் என்ன ஆச்சு என்று கேட்பார். ஆட்டம் அவருக்கு இன்றுவரை பிடிபடவில்லை. அவருக்கு வேண்டியதெல்லாம் கோச் என்ன பண்ணினான் என்பதுதான்.

அதற்குக் காரணம் இருக்கிறது. சித்தப்பாவும் கோச். அரசு அலுவலகம் ஒன்றில் குமாஸ்தாவாக இருந்துகொண்டு, சாயங்காலம் நாலரைக்கு மேல் நகரத்தில் ஒரு கல்லூரி அணிக்கு ஃபுட்பால் (நிஜமான ஃபுட்பால்) சொல்லிக்கொடுத்தார். கல்லூரியின் பெயர் வேண்டாம். ஒன்பது வருடம். சம்பளம் கிடையாது. மேட்ச் நாளில் பஸ் காசும், ஓணத்துக்கு முன்னால் அலவன்ஸ் என்று ஒரு கவரும் வரும். அந்தக் கவரைச் சித்தி பிரித்துப் பார்த்துச் சிரிப்பாள்.

பையன்கள் அவரைக் கூப்பிட்டது 'ஸாரே' என்று.

பள்ளிக்கூடம் விட்டதும் பந்து போட்ட வலையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் பின்னாலேயே போவது என் வேலை. இடைவேளையில் பையன்களுக்கு எலுமிச்சைத் துண்டும் குளுகோஸும் கொடுப்பதும் நான்தான். எங்கள் தெருவில் இது ஒரு கேலி. அக்ரஹாரத்துப் பிள்ளை ஒன்று பந்து உருட்டுகிறது, இன்னொன்று பந்து சுமக்கிறது என்பார்கள். அப்பாவுக்குக் கோபம். "அவனைப் பாத்துக் கெட்டுப் போகாதே" என்பது என் காதில் தினமும் விழுந்த வசனம். கெட்டுப் போகவில்லை. இஞ்சினியரிங் படித்து, இதோ ஓஹையோவில் பனி தள்ளிக்கொண்டிருக்கிறேன்.

சித்தப்பாவுக்கு ஒரு கதை உண்டு, ஆயிரம் தடவை கேட்டிருப்பேன். 1973 டிசம்பர் 27, எர்ணாகுளம் மகாராஜாஸ் கல்லூரி மைதானம், சந்தோஷ் டிராஃபி ஃபைனல். கேரளம் ரயில்வேஸை 3-2 என்று ஜெயித்தது. மாநிலம் உருவான பிறகு முதல் முறை. மூன்று கோலும் கேப்டன் மணி போட்டது. இது கேரளத்தில் பந்து பார்க்கிற எல்லாருக்கும் தெரியும். சித்தப்பா லீவு போட்டுவிட்டுப் போய்ப் பார்த்தார். "எல்லாரும் மணியைப் பாத்தா. நான் பெஞ்சைப் பாத்தேன்" என்பார்.

பெஞ்சில் இருந்த கோச் சைமன் சுந்தரராஜ். தஞ்சாவூர்ப் பக்கத்துத் தமிழர். 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெருவுக்கு எதிராக இந்தியா 3-1 என்று தோற்றதே, அந்த ஒரு கோலை அடித்தவர். அதற்கப்புறம் இந்தியா ஒலிம்பிக் கால்பந்துக்குத் தகுதி பெறவே இல்லை என்பதால், ஒலிம்பிக்கில் இந்தியாவின் கடைசி கோல் இன்றைக்கும் அவருடையதுதான். அந்த ரோம் அணிக்குக் கோச் யார்? ஹைதராபாத் சையத் அப்துல் ரஹீம். பள்ளிக்கூட வாத்தியார். 1951லும் 1962லும் ஆசிய விளையாட்டில் இந்தியாவுக்குத் தங்கம் வாங்கிக் கொடுத்து, 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நாலாவது இடம்வரை கொண்டுபோய், 1963ல் புற்றுநோயில் போய்ச் சேர்ந்தவர். அவரைப் பற்றி ஒரு இந்திப் படம் வந்தது 2024ல்தான். அறுபது வருடம் ஆகியிருக்கிறது.

கரமனையில் நாங்கள் ஒரு மாதிரி ஜாதி. மலையாளிக்கு நாங்கள் பாண்டி, தமிழ்நாட்டுக்குப் போனால் மலையாளத்தான். அப்படி ஒரு தெருவில் வளர்ந்தவருக்கு, மொத்தக் கேரளமும் பைத்தியம் பிடித்து ஆடிக்கொண்டிருந்த அந்தச் சாயங்காலத்தில் பெஞ்சில் இருந்தவன் நம்ம பாஷைக்காரன் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு இங்கே வந்த பிறகுதான் உறைத்தது. சித்தப்பா சாந்தமாகத்தான் சொல்வார். "சைமன் ஸார் பேரை நம்ம தெருவில பத்து பேர்ட்ட கேளு. ஒருத்தனுக்குத் தெரியாது."

இங்கே அமெரிக்காவில் 'கோச்சிங் ட்ரீ' என்று ஒரு வழக்கம். எந்தக் கோச்சிடம் யார் கற்றார், அவரிடம் யார் கற்றார் என்று வம்ச விருட்சம் போலப் படமே போடுகிறார்கள். ஓஹையோ ஸ்டேட்டில் அந்த மரத்தின் நடுத்தண்டு உட்ரோ ஹேஸ், ஊராருக்கு வுடி. 1951ல் இருந்து 1978 வரை 28 சீசன், 205 வெற்றி. அவருக்கு முன்னால் இந்த வேலைக்கே 'கோச்சுகளின் மயானம்' என்று பெயர் இருந்ததாம், அத்தனை பேரைத் துரத்தியிருக்கிறார்கள். அவரிடமே ஆடி, அவருக்கே உதவியாளராக இருந்த போ ஷெம்பெக்லர் 1969ல் எதிரி வீடான மிச்சிகனுக்குக் கோச்சாகப் போய், முதல் வருடமே குருவை 24-12 என்று தோற்கடித்தார். பிறகு பத்து வருடம் இரண்டு பேருக்கும் யுத்தம். சிஷ்யனுக்கு ஐந்து, குருவுக்கு நாலு, ஒன்று டிரா. துரோணரும் அர்ஜுனனும்தான், போங்கள்.

இதைச் சொன்னபோது சித்தப்பா நம்ம பக்கத்து மரத்தைச் சொன்னார். ரஹீமிடம் சைமன். சைமனின் 1973 அணியில் துணை கேப்டன் டி.ஏ. ஜாஃபர். அந்த ஜாஃபர்தான் பிறகு கோச்சாகி 1992, 1993 இரண்டு வருடமும் கேரளத்துக்குச் சந்தோஷ் டிராஃபி வாங்கிக் கொடுத்தது. அதே 1973 அணியின் கோல்கீப்பர் விக்டர் மஞ்சிலா கோழிக்கோடு பல்கலைக்கழகத்துக்குக் கோச்சாகப் போனார். "படம் போட்டாத்தான் மரமா? மரம் இருக்குடா" என்றார்.

சம்பள விஷயத்தை நான் ரொம்ப நாள் சொல்லாமல் மறைத்து வைத்திருந்தேன். அரசுப் பல்கலைக்கழகம் என்பதால் தொகை ஊரறிந்தது. இங்கே பல மாநிலங்களில் அரசு ஊழியர்களிலேயே அதிகம் வாங்குவது கவர்னரோ துணைவேந்தரோ கிடையாது, ஃபுட்பால் கோச்தான். டிவி உரிமம், ஒரு லட்சம் பேர் உட்காருகிற ஸ்டேடியத்தின் டிக்கெட், பழைய மாணவர்களின் நன்கொடை என்று பணம் வேறு வழியில் வருகிறது, அதனால் யாரும் முணுமுணுப்பதில்லை. இப்போதைய கோச் ரயன் டே 2025 பிப்ரவரியில் போட்ட ஒப்பந்தம் வருடத்துக்கு 12.5 மில்லியன் டாலர். கணக்குப் போட்டால் நூறு கோடி ரூபாய்க்கு மேல்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வாய் தவறிச் சொல்லிவிட்டேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. காக்கா கத்துவது மட்டும் கேட்டது.

"ஏண்டா, தோத்தா?"

"தோத்தா அனுப்பிடுவா சித்தப்பா. ஆனா ஒப்பந்தத்தில பாக்கி இருக்கற வருஷத்துக்குக் குடுத்துத்தான் அனுப்பணும்." டெக்சஸ் ஏ அண்ட் எம்மில் 2023 நவம்பரில் ஜிம்போ ஃபிஷர் என்பவரை வெளியே அனுப்ப 75 மில்லியன் டாலருக்கு மேல் கொடுக்க வேண்டி வந்ததையும் சொன்னேன். அறுநூறு கோடி ரூபாய், வேலை செய்யாமல் இருப்பதற்கு.

"தோத்தவனுக்கா?"

"ஆமாம்."

"அப்ப நான் தோத்ததுக்கு எனக்கு எவ்வளவு வரணும்னு உங்க ஊர்க்காராகிட்ட கேட்டுச் சொல்லு" என்று சிரித்தார் பாருங்கள், அடுத்த வீட்டு மாமி எட்டிப் பார்த்தாளாம் :-)

துரத்துவதில் இவர்கள் கில்லாடிகள். ஜான் கூப்பர் என்று ஒருவர், 13 சீசனில் 111 மேட்ச் ஜெயித்துக் கொடுத்தார். ஆனால் மிச்சிகனோடு மட்டும் 2 வெற்றி, 10 தோல்வி, 1 டிரா. 2001 ஜனவரியில் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். பின்னால் வந்த ஜிம் ட்ரெஸல் 2002 சீசனில் தேசியப் பட்டம் வாங்கினார், தெய்வமாகக் கும்பிட்டார்கள். பையன்கள் பரிசுப் பொருள்களைக் கொடுத்துப் பச்சை குத்திக்கொண்ட விவகாரத்தை மறைத்தார் என்று 2011 மே மாதம் ராஜினாமா. அதோடு முடிந்தாரா என்றால் இல்லை, ஒரு பல்கலைக்கழகத்துக்குத் தலைவரானார், 2025ல் மாநிலத்தின் துணை கவர்னர் ஆகிவிட்டார். ரயன் டே 2021ல் இருந்து 2024 வரை மிச்சிகனிடம் நாலு முறை தோற்றார். நாலாவது முறை சொந்த ஸ்டேடியத்தில், 13-10. அன்றைக்கு எங்கள் தெருவில் இழவு வீடு மாதிரி இருந்தது. என் பக்கத்து வீட்டுக்காரர், ரொம்ப நல்ல மனிதர், சர்ச்சில் பாடுகிறவர், கோச்சைத் திட்டிய வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. ஐம்பது நாள் கழித்து அதே கோச் தேசியப் பட்டம் வாங்கினார். அதே பக்கத்து வீட்டுக்காரர் கேக் கொண்டுவந்து கொடுத்தார்.

ரொம்பக் கும்பிடுவதிலும் ஆபத்து இருக்கிறது. பென்ஸில்வேனியாவில் ஜோ பட்டர்னோ என்று ஒரு கோச், 46 சீசன், உயிரோடு இருக்கும்போதே சிலை. அவரிடம் உதவியாளராக இருந்தவன் பல வருடம் சிறுவர்களிடம் செய்த அக்கிரமம் 2011ல் வெளியே வந்தபோது, காதுக்கு வந்த புகாருக்குப் போதுமானதைச் செய்யவில்லை என்று பட்டர்னோவை நீக்கினார்கள். இரண்டு மாதத்தில் புற்றுநோயில் போனார். அடுத்த ஜூலையில் சிலையைப் பெயர்த்து எடுத்துவிட்டார்கள்.

சித்தப்பாவுக்கு வருகிறேன். 1988ல் ஒரு கல்லூரிகளுக்கிடையிலான ஃபைனல். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. கடைசி நிமிடங்களில் வலியதுறைப் பையன், எங்கள் கோல்கீப்பர், கைக்கு வந்த பந்தை நழுவவிட்டான். 1-0. விசில் அடித்ததும் சித்தப்பா நேரே கோல் போஸ்டுக்கு நடந்து போய், எல்லார் முன்னாலும் அவன் கன்னத்தில் ஒரு அறை விட்டார். மைதானமே அமைதியாகிவிட்டது. நான் பந்து வலையோடு நின்றுகொண்டிருந்தேன். திருவனந்தபுரத்தின் கடலோரப் பையன்கள்தான் அந்த அணியின் முதுகெலும்பு. அவர்களில் ஒருத்தனும் ஒன்றும் பேசவில்லை.

அதற்குப் பிறகு சித்தப்பா மைதானத்துக்குப் போகவில்லை. கழட்டி விட்டுவிட்டார்கள் என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள். ஒன்பது வருடம் இலவசமாக உழைத்தவனை ஒரு அறைக்காக, இல்லை ஒரு தோல்விக்காக, காகிதத்தைக் கசக்கிப் போடுகிற மாதிரிப் போட்டுவிட்டார்கள் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு காந்தல். இங்கே அமெரிக்க நண்பர்களிடம்கூட இதைச் சொல்லியிருக்கிறேன். உங்கள் கோச்சுகளுக்கு மில்லியன் கொடுத்து அனுப்புகிறீர்கள், எங்கள் ஊரில் ஒரு நன்றிகூடச் சொல்லாமல் அனுப்பினார்கள் என்று. நன்றாக எடுபடும் கதை.

2025 ஜூலையில் ஊருக்குப் போயிருந்தேன். சித்தப்பாவுக்கு எண்பது. காது கொஞ்சம் மந்தம், மற்றபடி திடம். மழை பெய்துகொண்டிருந்தது. திண்ணையில் உட்கார்ந்து வுடி ஹேஸின் முடிவைச் சொன்னேன். ஃபோனில் எப்படியோ இதை மட்டும் இத்தனை வருடமும் சொல்லாமல் விட்டிருக்கிறேன்.

1978 டிசம்பர் 29, ஃப்ளோரிடாவில் கேட்டர் பவுல் மேட்ச். வுடிக்கு வயது 65. ஐந்து தேசியப் பட்டம் வாங்கியவர். பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவியும் இருந்தது, முதல் வருடப் பையன்களுக்கு ஆங்கிலச் சொற்கள் சொல்லிக்கொடுப்பார், சம்பள உயர்வு தந்தால் வேண்டாம் என்பார். ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் எதிரணியான க்ளெம்சனின் பையன் ஒருவன் பந்தை இடைமறித்துப் பிடித்து, ஓஹையோ ஆட்கள் நிற்கிற ஓரத்தில் வந்து விழுந்தான். எழுந்த அவனை வுடி முஷ்டியால் குத்தினார். டிவியில் நாடே பார்த்தது. மறுநாள் காலை வேலை போயிற்று. 28 வருடம், ஒரு குத்து. ஆனால் ஊர் அவரை விடவில்லை. 1986ல் பட்டமளிப்பு விழாவில் பேச அதே பல்கலைக்கழகம் கூப்பிட்டது, 1987ல் அவர் இறந்தபோது நிக்ஸன் வந்து இரங்கல் பேசினார், ஸ்டேடியத்தை ஒட்டிய சாலைக்கு அவர் பெயர்.

சித்தப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். நிக்ஸன், சாலை, எதிலும் அவருக்கு நாட்டமில்லை.

"அந்தப் பையனுக்கு அடி பட்டுதோ?"

"இல்லை சித்தப்பா. அவா போடற கவசத்துக்கு ஒண்ணும் ஆகலை."

"பட்டிருக்கும்" என்றார்.

கொஞ்ச நேரம் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் சும்மா இருந்திருக்கலாம். "உங்களை அனுப்பினப்போ ஒரு வார்த்தை சொல்லலையே அவா" என்றேன்.

"யார் அனுப்பினா? என்னை யாரும் அனுப்பலை. நான்தான் எழுதிக் குடுத்தேன். பிரின்சிபால் ரெண்டு தடவை ஆள் விட்டார், வான்னு. நான் போகலை."

முப்பத்தேழு வருடமாக நான் சுமந்துகொண்டிருந்த காந்தலை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீ எப்பக் கேட்டே?"

பிறகு அவரே சொன்னார். மேட்சுக்கு அடுத்த நாள் ராத்திரி தூக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் காலை பஸ் பிடித்து வலியதுறைக்குப் போயிருக்கிறார். பையன் அப்பனோடு கடலுக்குப் போயிருந்தான். பாலத்துக்குப் பக்கத்தில் மணலில் குடையைப் பிடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். வள்ளம் வந்தது. வலையை இழுத்துப் போட்டுவிட்டு அவன் ஓடி வந்தான். இவர் மன்னிப்பு என்று ஆரம்பித்ததும் அவன் சிரித்துவிட்டானாம். "அய்யோ ஸாரே, அதொக்கெ எந்தின்னு?" என்று. வீட்டில் தினமும் வாங்குகிறேன், ஸார் கை பூ மாதிரி, என்றிருக்கிறான்.

"அவன் ஒரு சொல் கோபமாப் பேசியிருந்தா நான் திரும்பி மைதானத்துக்குப் போயிருப்பேன், கேட்டயா. அவன் சிரிச்சுட்டான். அதுக்கப்புறம் பசங்க முன்னால போய் நிக்க முடியலை."

கிளம்பும்போது பையன் வெறுங்கையோடு விடவில்லை. நாலு அயிலை மீனைப் பேப்பரில் சுற்றி, ஸாருக்கு என்று கையில் வைத்துவிட்டான். அக்ரஹாரத்து ஆளுக்கு மீன் கொடுக்கிறோம் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. வேண்டாம் என்று சொல்ல இவருக்கும் வாய் வரவில்லை.

"வீட்டுக்கா கொண்டுவந்தேள்?" என்றேன்.

"சித்தி கொன்னுருப்பா. கிழக்கேகோட்டை வரைக்கும் மடியிலயே வெச்சுண்டு வந்தேன். பஸ் முழுக்க என்னையே பாக்கறது. இறங்கறச்சே கண்டக்டர் கையில குடுத்தேன்."

"என்ன சொன்னார்?"

"டிக்கெட் காசைத் திருப்பிக் குடுத்தான்."